உடும்பின் புகழும் பல்லியின் தகுதியும்

பிடி என்றால் உடும்பு. வன்னியில் இதை யாரும் நிறுவ வேண்டியதில்லை. ஒட்டுசுட்டான் காட்டில் தேன் எடுக்கப் போகிறவரும் கிளிநொச்சியில் பள்ளிக்கூடக் கட்டுரை எழுதும் பிள்ளையும் ஒன்றுபோல ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது. விலங்கொன்றின் உடலைப் பற்றிய இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் உண்மை என்று நாம் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம். விலங்குகள் பற்றிக்கொள்ளும் விதம் பற்றிய ஆய்வு கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்திருக்கிறது. ஊகங்கள் இருந்த இடத்தில் அளவுகள் வந்திருக்கின்றன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வன்னிக் காட்டிலும் குளக்கட்டிலும் வீட்டுச் சுவரிலும் வாழும் உயிர்களை ஒரே தராசில் நிறுத்திப் பார்ப்போம்.

தராசு எதுவென்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான்கு கேள்விகள். தன் உடல் எடையோடு ஒப்பிட்டால் அந்த உயிர் எவ்வளவு சுமையைத் தாங்கும்? பிடித்திருக்கும் நேரமெல்லாம் அதற்கு எவ்வளவு உழைப்புச் செலவாகும்? விட வேண்டிய கணத்தில் எவ்வளவு விரைவாக விடும்? எத்தனை வகையான பரப்புகளில் பிடிக்கும்? மூன்றாம் கேள்வி சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மரம் ஏறும் உயிர் ஒவ்வோர் அடியிலும் ஒரு காலைப் பிடித்து இன்னொரு காலை விடுகிறது. விடத் தெரியாத கால் நடக்காது, இரையைத் துரத்தாது, பாம்பிடமிருந்து தப்பாது. ஆகவே விடுவதும் பிடியின் தரத்தில் ஒரு பாகம்தான்.

முதலில் உடும்பு. அதன் கருவி நகம். வளைந்து கூர்ந்த நகம் மரப்பட்டையின் மேடுபள்ளத்தில் கொளுவிக்கொள்கிறது. பாலை மரத்தின் வெடித்த பட்டையும் கருங்கல்லின் பிளவும் இதற்கு வாய்ப்பான இடங்கள். மழையில் நனைந்தாலும் புழுதி படிந்தாலும் நகத்தின் வேலை பெரிதாகக் கெடுவதில்லை. இது சிறிய நன்மை இல்லை. ஆனால் நகத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. பரப்பிலுள்ள மேடுபள்ளம் நகமுனையை ஏற்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். உடல் பெருக்கப் பெருக்க நகம் முறியாமல் இருப்பதற்காகத் தடிக்க வேண்டியிருக்கிறது. தடித்த முனைக்குச் சின்னப் பிளவுகள் பயன்படாது. இழைத்துப் பூசிய சீமெந்துச் சுவரிலும் கண்ணாடியிலும் உடும்பு தோற்றுப்போகும். இளம் உடும்புகள் மரத்தில் அதிகமும் வளர்ந்தவை நிலத்தில் அதிகமும் திரிவதில் வியப்பில்லை.

உடும்பின் புகழுக்குப் பெரிய சாட்சியாக ஒரு கதை சொல்லப்படும். 1670இல் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே புனேயை அடுத்த கொண்டாணா கோட்டையை இரவில் தாக்கினார். யஷ்வந்தி என்ற உடும்பின் இடுப்பில் கயிற்றைக் கட்டிச் செங்குத்தான பாறையில் ஏறவிட்டு, அந்தக் கயிற்றைப் பிடித்து வீரர்கள் ஏறினார்கள் என்பது கதை. கோட்டை வீழ்ந்ததும் தானாஜி மாண்டதும் வரலாறு. உடும்பு வருவது மக்கள் வழக்கில். அதைக் கணக்கோடு பொருத்திப் பார்ப்போம். நம் காட்டிலும் மராட்டிய மலையிலும் வாழும் தரை உடும்பு ஏழு கிலோவை எட்டுவதே அரிது. ஏறுகிற வீரனை அறுபது கிலோ என்று வைத்தால் உடும்பு தன் எடையைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கைச் சில நகங்களில் தாங்க வேண்டும். உடல் வளரும்போது எடை கன அளவில் கூடுகிறது, தசையின் வலிமையோ குறுக்குவெட்டுப் பரப்பளவில்தான் கூடுகிறது என்று கலிலியோ 1638இல் எழுதிய நூலிலிருந்து நமக்குத் தெரியும். எறும்புக்கு எளிதான மடங்கு, கிலோக்கணக்கில் நிறுக்கும் உடலுக்கு எட்டாத மடங்கு. இந்தச் சாட்சியை ஏற்க முடியாது.

இரண்டாவது சாட்சி நம் வேடர்களுடையது, அது உண்மையானது. புற்றிலோ மரப்பொந்திலோ நுழைந்துவிட்ட உடும்பை வாலைப் பிடித்து இழுத்து எடுப்பது மிகக் கடினம். இன்று அந்த வேட்டை சட்டப்படி குற்றம். ஆனால் தலைமுறை தலைமுறையாக வந்த அந்த அனுபவத்தைப் பொய் என்று தள்ள முடியாது. அது எதைக் காட்டுகிறது என்பதுதான் கேள்வி. பொந்துக்குள் உடும்பு நகத்தை ஊன்றுவதோடு நிற்பதில்லை. காற்றை இழுத்து நெஞ்சையும் வயிற்றையும் ஊதிப் பொந்தின் சுவரோடு தன்னை இறுக்கிக்கொள்கிறது. வேடன் உணரும் வலிமையில் பெரும்பங்கு இந்த நெருக்கத்துடையது. திறந்த மரத்தண்டில் அதே உடும்புக்கு அந்தப் பங்கு கிடைக்காது. நகத்துக்கு நாம் கொடுத்த புகழில் பாதி நுரையீரலுக்கும் பொந்துக்கும் உரியது.

இங்கேதான் நம் பழைய தீர்ப்பின் அடிப்படைப் பிழை இருக்கிறது. உடும்பின் பிடியை அளந்தவர் அதை இழுத்தவர். எவ்வளவு இழுத்தும் வரவில்லை என்பதே அவருடைய அளவுகோல். அந்த அளவுகோலில் அசையாமல் கிடப்பதுதான் முதல் மதிப்பெண் பெறும். ஆனால் உடும்பு தன் வாழ்நாளில் எத்தனை முறை வாலில் இழுக்கப்படும்? ஏறுவதும் இறங்குவதும் இரை தேடுவதும் உறங்குவதும்தான் அதன் அன்றாடம். பிடியை இழுக்கிறவனின் கையிலிருந்து அளக்காமல், பிடிக்கிற உயிரின் தேவையிலிருந்து அளக்க வேண்டும். அப்படி அளந்தால் வரிசை மாறிவிடுகிறது.

அடுத்தது, நம் வீட்டு முகட்டில் தலைகீழாக ஓடும் பல்லி. அதன் விரலடியில் தகடு தகடாக மடிப்புகள் இருக்கின்றன. அவற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். தென்கிழக்காசியாவின் பெரும்பல்லியான தோக்கையில் ஒரு பாதத்துக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் மயிர்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மயிரும் நுனியில் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. 2000ஆம் ஆண்டு கெல்லர் ஆட்டமும் அவருடைய குழுவினரும் ஒற்றை மயிரின் இழுவிசையை அளந்தார்கள். ஓர் எறும்பைத் தூக்கப் போதுமான விசை அந்த ஒரு மயிருக்கு இருந்தது. பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. மயிர்நுனி பரப்பை மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கிடையே எழும் வான்டர் வால்ஸ் ஈர்ப்புத்தான் காரணம் என்று 2002இல் அதே குழு காட்டியது. அதற்கு முன்பே, 1996இல் வந்த ஓர் அளவையில், தோக்கையின் இரண்டு முன்னங்கால்கள் மட்டும் சுமார் 20 நியூட்டன் விசையைத் தாங்கின. அதாவது ஐம்பது கிராம் அளவிலான விலங்கு, பின்னங்கால்களைக் கணக்கில் சேர்க்காமலே, இரண்டு கிலோ எடையைத் தாங்குகிறது. நாற்பது மடங்கு.

வலிமையைவிட வியப்பானது செலவும் விடுதலையும். 2014இல் வெளியான ஓர் ஆய்வு, இறந்த பல்லியின் பாதமும் உயிரோடிருந்தபோது பிடித்த அதே வலிமையோடு பிடிக்கிறது என்று காட்டியது. பிடித்தபடி இருப்பதற்குத் தசை உழைக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். விடுவதோ கோணத்தின் வேலை. மயிர் பரப்போடு சாய்ந்திருக்கும் வரை பிடிக்கும். சாய்வு முப்பது பாகையைத் தாண்டியதும் தானாகக் கழன்றுவிடும். பல்லி விரலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டுகிறது. விநாடியின் நூறில் ஒன்றிரண்டு பங்கு நேரத்தில் பாதம் விடுபடுகிறது. பலமாகப் பிடிப்பதும் இலேசாக விடுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நினைத்திருந்தோம். இரண்டையும் ஒரே மயிர் செய்கிறது.

எதிர்வாதம் ஒன்று பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. பல்லி விழும் பலன் என்று தலை முதல் பாதம் வரை பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். இவ்வளவு நல்ல பிடியுள்ள உயிர் ஏன் இத்தனை தரம் விழுகிறது? நியாயமான கேள்வி. பதில் பரப்பில் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த பழைய சுவரில் பல்லி பற்றுவது சுவரிலிருந்து உதிரப்போகும் தூளை. தூள் கழன்றால் பல்லியும் கழலும். மாரி காலத்தில் நனைந்த பாதத்தின் பிடி பெரிதும் குறைவதை அளவைகள் காட்டியிருக்கின்றன. ஒட்டாத டெஃப்லான் பூச்சுள்ள தாச்சியில் உலர்ந்த பாதமும் பிடிக்காது. சண்டையில் விழுவதும் உண்டு. இவை உண்மையான குறைகள், மறைக்கக்கூடாது. ஆனால் சில கிராம் எடையுள்ள உடலுக்கு விழுவது பெரிய நட்டமில்லை. விழுந்த பல்லி எழுந்து ஓடுகிறது. பாதத்தில் ஒட்டிய தூசு நடக்க நடக்கத் தானே உதிர்ந்துவிடுகிறது என்று 2005இல் நிறுவியிருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் வீட்டுப் பல்லிகளின் விரல்நுனியில் நகமும் உண்டு. மயிர் கைவிடும் கரடுமுரடான பட்டையில் நகம் கொளுவும். உடும்பின் கருவியும் பல்லியிடம் இருக்கிறது. பல்லியின் கருவி உடும்பிடம் இல்லை.

சுமை விகிதத்தை மட்டும் பார்த்தால் பல்லியையும் மிஞ்சும் ஓர் உயிர் நம் மாமரத்தில் இருக்கிறது. முசுறு, இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு, கண்ணாடியில் தலைகீழாக நின்றபடி தன் எடையைப் போல் நூறு மடங்கைப் பிடித்திருக்கும். அதன் காலில் நகங்களுக்கிடையே ஈரமான சிறு மெத்தை ஒன்று உண்டு. சும்மா நடக்கும்போது அதைப் பெரும்பாலும் மடித்தே வைத்திருக்கும்; காலை யாரேனும் இழுத்தால் இழுப்பே அதை விரிக்கிறது. இலையை இழுக்கும் முசுறுச் சங்கிலியில் ஒன்றின் இடுப்பை மற்றொன்று கவ்வித் தொங்குவதை வன்னிப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆயினும் இந்த நூறு மடங்கை அப்படியே பாராட்டிவிடக் கூடாது. சிறிய உடலுக்கு விகிதம் எப்போதும் சாதகம். 2016இல் டேவிட் லபோன்டியும் வால்ட்டர் ஃபெடெர்லேயும் குழுவினரோடு சேர்ந்து உண்ணியினச் சிற்றுயிர் முதல் பல்லி வரை 225 இனங்களை ஒப்பிட்டார்கள். உடல் பெருக்கும்போது ஒட்டும் பரப்பு உடலைவிட வேகமாகப் பெருக்க வேண்டியிருக்கிறது. மனிதன் பல்லிபோலச் சுவரேற வேண்டுமானால் உடற்பரப்பில் நாற்பது வீதம் ஒட்டும் மெத்தையாக இருக்க வேண்டும். பனையேறுகிறவர் தளைநாரை நம்புவதன் காரணம் இதுதான். இந்த முறையில் ஏறும் உயிர்களின் மேல்வரம்பில் நிற்பது பல்லி. எறும்புக்கு இலவசமாகக் கிடைத்ததைப் பல்லி உடலை மாற்றி ஈட்டியிருக்கிறது.

நேரம் என்ற அளவில் இரண்டு போட்டியாளர்கள். ஒன்று தேவாங்கு. உலர்வலயக் காடுகளில் இரவில் திரியும் இந்தச் சிறு விலங்கு கால் கிலோ அளவுக்கே இருக்கும். பெருவிரல் மற்ற விரல்களுக்கு நேரெதிராக விரிந்து நிற்கிறது, சுட்டுவிரல் சிறுத்துப்போயிருக்கிறது, ஆகவே கை ஒரு கிடுக்கியாகிவிடுகிறது. கைகால்களின் இரத்தக் குழாய்கள் வலைபோலப் பிரிந்து ஓடுகின்றன. தசை நெடுநேரம் இறுகியிருந்தாலும் இரத்தம் தடைப்படாமல் இருக்க அந்த வலை உதவுகிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். அசையாமல் மணிக்கணக்கில் கிளையைப் பற்றியிருக்கத் தேவாங்கால் முடியும். ஆனாலும் அது தசையின் பிடி. எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் செலவு உண்டு. அதோடு தேவாங்கு தாவாது. ஒரு கிளையை விடுமுன் அடுத்த கிளை கைக்கு எட்ட வேண்டும். நான்காம் கேள்வியில் அது பலவீனமான இடம். அந்த இடத்துக்குப் பின்னர் திரும்பி வருவேன்.

மற்றது பழந்தின்னி வௌவால். ஒன்றரைக் கிலோ வரை நிறுக்கும் உடலைப் பகல் முழுவதும் தொங்கவிட அது தசையை நம்புவதில்லை. விரலை மடக்கும் நாணில் சிறு முண்டுகள் இருக்கின்றன. நாண் ஓடும் உறையின் உட்புறத்தில் மடிப்புகள். உடல் எடை நாணை இழுத்ததும் முண்டுகள் மடிப்பில் மாட்டிப் பூட்டிக்கொள்கின்றன. 1993இல் குவின், பௌமெல் என்ற இருவர் இந்தப் பூட்டை நுணுக்கமாக விவரித்தார்கள். இறந்த வௌவாலும் பூட்டுத் திறக்காமல் தொங்கும். மின்கம்பிகளில் மாண்ட வௌவால்கள் நாட்கணக்கில் தொங்குவது இதனால்தான். செலவு என்ற ஒற்றை அளவில் பல்லிக்கு இணையானது வௌவால் மட்டுமே. ஆனால் அந்தப் பூட்டு கிளை, கம்பி, பாறைவிளிம்பு என்று விரல் மடங்கக்கூடிய இடங்களை மட்டுமே ஏற்கும்.

வௌவாலுக்குப் பொருந்துவது பறவைக்கும் பொருந்தும் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். கிளையில் குந்தும் பறவையின் கால் மடங்கியதும் நாண் இழுபட்டு விரல் தானே இறுகும், அதனால் உறக்கத்தில் விழாது என்பது பாடநூல் விளக்கம். 2012இல் கால்டனும் ஷெப்பர்டும் மைனாவின் உறவுப் பறவையான ஐரோப்பிய ஸ்டார்லிங்கில் இதைச் சோதித்தார்கள். கால் மடங்கியபோது விரல்கள் தாமாக இறுகவில்லை. உறங்கிய பறவை பாதத்தின் நடுமெத்தையில் சமநிலை பிடித்து நின்றது. நன்றாக ஒலிக்கும் விளக்கம் சோதனையில் நிற்காமல் போவது உடும்புக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மரத்தவளையைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். விரல்நுனி மெத்தையில் அறுகோணச் செல்கள், அவற்றுக்கிடையே சளி ஓடும் வாய்க்கால்கள். ஈரத்தின் இழுவையால் பிடிக்கும். பரப்பளவுக்குப் பரப்பளவு அதன் வலிமை பல்லியைவிட மிகக் குறைவு. ஆனால் மாரி மழையில் பல்லி வழுக்கும் நீர்த்தாங்கிச் சுவரில் தவளை நிற்கிறது. மாரிக்கு ஒரு பிடி, கோடைக்கு ஒரு பிடி என்று நம் நிலம் இரண்டையும் வளர்த்திருக்கிறது.

விடாத பிடி வேண்டுமென்றால் அதற்கும் ஆள் இருக்கிறது. மாட்டுண்ணி முட்கள் நிறைந்த வாயுறுப்பைத் தோலுக்குள் செலுத்திச் சுற்றிலும் சீமெந்துபோல் இறுகும் பொருளைச் சுரக்கிறது. பிடுங்கினால் வாய் தோலுக்குள் நின்றுவிடலாம். கொக்கிளாய், நாயாறு பக்கம் படகின் அடியில் ஓட்டோடு ஒட்டும் சிற்றுயிரோ தலைப்பக்கத்தால் ஒட்டிய இடத்தைவிட்டு வாழ்நாள் முழுவதும் பெயர்வதில்லை. இழுக்கிறவனின் அளவுகோலே சரியென்றால் பரிசு இவற்றுக்குத்தான் போக வேண்டும், உடும்புக்கு இல்லை. ஆகப் பழைய தீர்ப்பு தன் சொந்த அளவுகோலிலும் நிற்கவில்லை.

இனித் தீர்ப்பு. சுமை, செலவு, விடுதலை, பரப்பு என்ற நான்கையும் சேர்த்து எடைபோட்டால் முதலிடம் பல்லிக்கு. முசுறு ஒன்றில் முந்துகிறது, வௌவால் ஒன்றில் இணையாகிறது, தவளை ஒரு பருவத்தில் வெல்கிறது. நான்கிலும் உயர்ந்து நிற்பது பல்லி ஒன்றே. நான் மேலே தந்த எண்கள் தோக்கைக்கு உரியவை என்பது உண்மை. நம் வீட்டுப் பல்லி சிறிது, எண்கள் குறையும். ஆனால் தகடும் மயிரும் விரல் சுருட்டும் அதே அமைப்புத்தான். தீர்ப்பு அமைப்பின்மேல் நிற்கிறது. உடும்புக்கு உரிய இடத்தையும் பறிக்க வேண்டியதில்லை. கரடுமுரடான பரப்பில், எந்தப் பருவத்திலும், கிலோக்கணக்கான உடலோடு ஏறுவதில் அது தேர்ந்தது. பொந்துக்குள் தன்னைக் காப்பதில் அதற்கு நிகர் குறைவு. அது சிறந்த தற்காப்பு. சிறந்த பிடி என்று நாம் அதைத்தான் பிழையாகப் பெயரிட்டுக்கொண்டோம்.

இந்தத் தீர்ப்பு வெறும் வரிசைப்படுத்தலோடு முடிவதை நான் விரும்பவில்லை. மேலே பார்த்த ஒவ்வோர் உயிரிலும் பிடியின் பாதி விலங்கிடமும் பாதி பரப்பிடமும் இருந்தது. பட்டையில்லாமல் நகமில்லை, பொந்தில்லாமல் உடும்பின் இறுக்கமில்லை, கிளையில்லாமல் வௌவாலின் பூட்டில்லை. பல்லியின் வெற்றிக்கு ஒரு காரணம், நாம் கட்டும் சுவரெல்லாம் அதற்குப் பரப்பாகிவிடுவது. தேவாங்குக்கு அந்த வாய்ப்பு இல்லை. போரில் தலை முறிந்த பனைகளையும் வெறுமையான காட்டோரங்களையும் வன்னி அறியும். 2009க்குப் பிறகு வீதி அகன்றது, மின்கம்பி வந்தது, காணிகள் துப்புரவாயின. மக்கள் மீண்டு வாழ இவை வேண்டியவைதான். ஆனால் பாலையும் வீரையும் முதிரையும் கிளையோடு கிளை தொட்டு நின்ற இடத்தில் இருபது அடி இடைவெளி விழுந்தால் தேவாங்கின் உலகம் அங்கே முடிகிறது. அதன் கை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தாலும் காற்றைப் பிடிக்காது. தரையில் இறங்கினால் நாய்க்கும் வாகனத்துக்கும் இரை.

இதற்குத் தீர்வு நம் கைக்கு எட்டாததில்லை. மேற்கு ஜாவாவில் தோட்டங்களுக்கிடையே கட்டிய நீர்க்குழாய்களையும் இறப்பர்க் குழாய்களையும் தேவாங்கின் உறவினமான விலங்கு பாலமாகப் பயன்படுத்துவதை 2020இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வன்னியில் அதைவிட மலிவான வழியும் உண்டு. கிளுவையும் பூவரசும் நட்ட உயிர்வேலியைக் கம்பிவேலிக்காக வெட்டாமல் விடலாம். வளவுக்கு வளவு கிளை தொடும். காட்டினூடாக வீதி போடும்போது நூறு அடிக்கு ஒரு தரமாவது இரு பக்கக் கிளைகளும் மேலே சேர விடலாம். குளக்கட்டு மருதுகளை வௌவாலுக்காகவும் கட்டுக்காகவும் காக்கலாம். அவை தங்கும் மரங்களுக்கு அருகில் மின்கம்பிகளுக்கு உறையிடலாம். வனத்திணைக்களமும் பிரதேச சபையும் வீதி அதிகார சபையும் ஒன்றாக உட்கார்ந்தால் செய்து முடிக்கக்கூடிய வேலைகள் இவை.

ஒரு விலங்கின் பிடியை மெச்சுகிறவர் அது எதைப் பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் மெச்சுவது அரைத் திறனாய்வு. வன்னியின் உயிர்களுக்குப் பிடிக்கும் திறனில் குறையேதும் இல்லை. பிடிக்க மரம் இருக்குமா என்பது மட்டுமே இன்னும் தீராத கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு முழுக்க நம்முடையது.